‘உடனடி நடவடிக்கை’ என்னும் தூண்டில்

உலகத்திலேயே பாதுகாப்பான அலுவலகம் எது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வீண் வேலை. எந்த அலுவலகத்தில் கோப்புகளை யாருமே திறப்பதில்லையோ, அதுவே பாதுகாப்பான அலுவலகம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்கு ஈடு இணை கிடையாது. கிணற்றில் போட்ட கல் என்று சும்மா சொல்கிறோம்; அந்தக் கல்லாவது தண்ணீரில் கிடக்கும். இங்கே தண்ணீர் கேட்டுக் கொடுத்த மனு காய்ந்த இடமாகப் பார்த்துக் கிடந்தது.

இப்பேர்ப்பட்ட அலுவலகத்தின் கணினிகளைக் காக்கும் பொறுப்பு பாஸ்வேர்ட் அக்காவிடம் இருந்தது. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது வழக்கில் இல்லை. ‘பாஸ்வேர்டை மாத்துங்க, பாஸ்வேர்டை மாத்துங்க’ என்று மேசை மேசையாகப் போய்க் கெஞ்சியதால் வந்த பட்டம் இது. அவளுடைய தொல்லை தாங்காமல் ஒரு நாள் எல்லோரும் மாற்றினார்கள். ஒற்றுமையாகப் பேசிவைத்துக்கொண்டு ‘தண்ணீர்’ என்பதையே அத்தனை பேரும் வைத்துக்கொண்டார்கள். மறந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் அதைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தார்கள்.

அக்காவை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ரான்சம்வேர் என்னும் பிணைக்கொள்ளை மென்பொருளைப் பற்றி அவள் படித்தாள். இந்தக் கொள்ளைக்காரன் பழைய காலத்து ஆள் மாதிரி பூட்டை உடைப்பதில்லை. நம்முடைய சாமான் மேலேயே தன்னுடைய பூட்டைப் போட்டுவிட்டு, ‘சாவி வேண்டுமா?’ என்று கேட்கிறவன். ஒவ்வொரு கோப்பாகத் திறப்பான்; உள்ளே இருப்பதை ரகசிய எண் ஒன்றைக் கொண்டு கன்னாபின்னா என்று குலைப்பான்; திரும்பவும் அதே இடத்தில் வைத்து, பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வாலை ஒட்டுவான். எண்ணை வைத்திருப்பவனைத் தவிர வேறு யாராலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது.

கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதன் ஒரு நாளில் சில கோப்புகளைத்தான் மாற்றுவான். இவனோ டீ குடித்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் மாற்றிவிடுவான். ஆகவே அலுவலகத்தின் வழக்கமான வேகம் என்ன என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் மணி அடிக்கும்படி வைத்துவிட வேண்டும்.

அக்கா திரும்பி வந்து அளந்தாள். திரையில் கோடு நாடி நின்றவருடையது போலப் படுத்துக் கிடந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்து இரண்டாம் முறையும் அளந்தாள். கருவியில் கோளாறில்லை. கிடைத்த அளவுக்குக் கொஞ்சம் மேலே எல்லை வைத்தாள். அந்த வாரமே மணி அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த தட்டச்சர் ஒருத்தி காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். முதல் தடவை என்பதால் எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

வேகத்தை மட்டும் நம்ப முடியாது என்று அக்காவுக்குப் புரிந்தது. பயிற்சியில் சொன்ன இன்னொரு உபாயத்தைக் கையில் எடுத்தாள். அதற்குத் தூண்டில் என்று பெயர். அலுவலகத்தில் யாருக்குமே தேவைப்படாத ஒரு ஃபோல்டரைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். நம் ஆட்கள் அதன் பக்கம் போக மாட்டார்கள். கொள்ளைக்காரனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாது; எல்லாவற்றையும் திறப்பான். அதைத் திறந்த மாத்திரத்தில் மணி அடிக்கும், வந்திருப்பது வெளியாள்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். ‘சம்பள உயர்வு’ என்று வைத்தால் ஊரே திறக்கும். ‘இடமாற்றம்’ என்றாலும் அப்படியே. ‘இயக்குநரைப் பற்றி’ என்று வைத்தால் முதலில் திறப்பவர் இயக்குநராகவே இருப்பார். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ‘பொதுமக்கள் புகார்கள் - உடனடி நடவடிக்கை’ என்று பெயர் வைத்து, பொய்ப் புகார்கள் சிலவற்றைத் தானே எழுதி உள்ளே போட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கவுன்டரில் உட்காருபவர் நல்ல மனிதர். மக்கள் கொடுக்கும் புகார்களை ஸ்கேன் செய்து எங்கே போடுவது என்று தெரியாமல் பல காலம் தன் கணினியிலேயே சுமந்துகொண்டிருந்தார். ஒரு நாள் இந்த ஃபோல்டர் அவர் கண்ணில் பட்டது. நம் அலுவலகத்திலா இப்படி ஒன்று என்று நெகிழ்ந்துபோனார். அன்று முதல் வருகிற புகாரையெல்லாம் பக்தியோடு அதில் போட்டுவந்தார். புதிதாகப் போட்டால் மணி அடிக்காது. உள்ளே இருப்பதைத் திறந்தால்தான் அடிக்கும். ஆகையால் அவருடைய சேவைக்கு எந்த இடையூறும் வரவில்லை.

ஃபோல்டர் வீங்குவதை அக்கா கவனித்தாள். என்ன வருகிறது என்று பார்க்கலாமா என ஒரு கணம் தோன்றியது. திறந்தால் மணி அடிக்கும். தான் கட்டிய மணியைத் தானே அடிப்பது நிர்வாக ரீதியில் அழகாக இருக்காது. தூண்டில் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சமாதானம் செய்துகொண்டு விட்டுவிட்டாள்.

அப்படிக் கனம் சேர்த்தவர்களில் ஒருத்தி தையல்காரி. அக்காவின் துணிமணியெல்லாம் அவளிடம் தைப்பதுதான். அவள் இருக்கும் சந்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. மகளுக்கு ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. தேறி எழுந்த பெண் மறுபடியும் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். தையல்காரி ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் கவுன்டருக்கு வந்தாள்.

“அண்ணே, என் புகார் என்னாச்சு?”

“‘உடனடி நடவடிக்கை’யில இருக்கும்மா.”

“எப்ப எடுப்பாங்க?”

“அதான் உடனடின்னு போட்டிருக்கே.”

“பிள்ளைக்கு மறுபடியும் முடியலைண்ணே.”

“தண்ணியைக் காய்ச்சிக் குடுங்க.”

“காய்ச்சினா கிருமி சாகும். நாத்தம் சாகுமா?”

அளவு எடுக்கும்போது அக்காவிடமும் கேட்டாள். “உங்க ஆபீஸ்தானேக்கா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” கையை விரித்து நின்றிருந்த அக்கா, “அது என் செக்‌ஷன் இல்லையேம்மா” என்றாள். சொல்லும்போது உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நினைத்தாள்.

இந்த நேரத்தில்தான் துணை இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘பதவி உயர்வுப் பட்டியல்: தங்கள் பெயரைச் சரிபார்க்கவும்’ என்று தலைப்பு. அனுப்பியவர் யார் என்று தெரியாது. இணைப்பைத் தொட்டார். ‘உள்ளடக்கத்தை இயக்க அனுமதி தருகிறீர்களா?’ என்று கேட்டது. ஒரு மோட்டார் பழுது பார்க்க அனுமதி கேட்டால் மூன்று பருவம் யோசிப்பவர் அவர். அன்று யோசிக்காமல் கொடுத்தார். பட்டியல் வெறுமையாக இருந்தது. இன்னும் தயாராகவில்லை போலும் என்று மூடிவிட்டார்.

இணைப்புக்குள் ஒளிந்து வந்தவர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டார். அப்படி ஓர் ஊழியரை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. வந்ததும் எதையும் தொடவில்லை. அடக்கமாக ஓரமாக இருந்து ஒவ்வொரு பிரிவும் என்ன செய்கிறது என்று கற்றுக்கொண்டார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் உழைத்தார். ‘தண்ணீர்’ என்ற ஒரே சாவியால் எல்லா மேசைகளையும் திறந்தார். எந்தக் கணினியில் அதிகாரம் அதிகம் என்று பார்த்துப் படிப்படியாக அங்கே ஏறினார். மாற்றுப் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று தேடி, கிடைத்ததை அழித்தார். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துத் தொழிலைத் தொடங்கினார்.

அந்த நாள் ‘கோப்பு விரைவு வார’த்தின் தொடக்க நாள். கூட்ட அறையில் இயக்குநர் உரையாற்றி முடித்து உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பதால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர். அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“சார், எல்லா கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கிலேர்ந்து கழட்டணும். உடனே.”

“ஏம்மா?”

“ஃபைல் எல்லாம் படபடன்னு மாறிட்டிருக்கு. நான் ஓடி வர்றதுக்குள்ள ஆயிரத்தைத் தாண்டிடுச்சு.”

இயக்குநர் எழுந்தார். கண் கலங்கிவிட்டது. “பார்த்தீங்களா, வாரத்தைத் தொடங்கி வெச்சு இன்னும் டீ கூட வரலை. அதுக்குள்ள என்ன வேகம்.”

“எல்லாம் உங்க உரை சார்” என்றார் துணை இயக்குநர்.

“சார், இது நம்ம ஆளுங்க வேலை இல்ல.”

“நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை வைக்கணும்மா.”

“கம்ப்யூட்டர் ஃபேன் எல்லாம் கத்துது சார்.”

“உழைச்சா சூடாகத்தான் செய்யும்.”

“ஃபைல் பேருக்குப் பின்னால ஒரு வால் முளைச்சிருக்கு.”

“ஏதாவது புது நடைமுறையா இருக்கும். தலைமையகத்துல நமக்கு எதைத்தான் சொல்லிட்டுச் செய்யறாங்க?”

“பேக்கப் எல்லாத்தையும் யாரோ அழிச்சிருக்காங்க.”

“இடத்தைச் சுத்தம் பண்ணியிருக்காங்க. நல்லதுதானே.”

அக்கா ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். “சார், பொதுமக்கள் புகார் ஃபோல்டரைத் திறந்திருக்காங்க.”

துணை இயக்குநர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“உள்ள போயா?” என்றார் இயக்குநர்.

“உள்ள போய். ஒவ்வொண்ணா.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். சக ஊழியர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அத்தனை காலமும் கூடவே வேலை பார்த்தவர்கள். ஒருவர் மீதும் அவருக்குச் சந்தேகம் எழவில்லை.

“அப்ப கண்டிப்பா வெளியாள்தான்” என்றார்.

“கழட்டிடட்டுமா சார்?”

“கழட்டலாம். ஒரு குறிப்பு எழுதி வையுங்க. பார்க்கலாம்.”

அக்கா பக்கத்து அறைக்கு ஓடி, கணினிகளைத் துண்டிக்க அனுமதி கோரும் குறிப்பைத் தட்டச்சு செய்தாள். ‘தங்கள் மேலான ஒப்புதலுக்காக’ என்று முடித்துச் சேமித்தாள். சேமித்த கையோடு அந்தக் குறிப்புக்கும் வால் முளைத்தது. அதைப் பார்த்தவள், எழுந்து போய், ஒப்புதல் எதுவும் இல்லாமல் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டாள். மின்சாரத்தை நிறுத்தவில்லை; நிறுத்தினால் வந்தவனுடைய தடயமும் அழிந்துபோகும் என்று படித்திருந்தாள். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் உண்மையாகவே உடனடியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை அது ஒன்றுதான். அதற்காக அவளிடம் பிற்பாடு விளக்கம் கேட்டார்கள்.

எல்லாத் திரைகளிலும் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கொள்ளைக்காரரின் அறிவிப்பு என்றாலும், நியாயத்தைச் சொல்ல வேண்டும். என்ன நடந்திருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள், யாரைத் தொடர்புகொள்வது, சந்தேகம் இருந்தால் யார் பதில் சொல்வார் என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஓர் அலுவலக அறிவிப்பு இப்படியும் இருக்கலாமா என்று கவுன்டர்க்காரர் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

மீண்டும் கூட்டம் கூடியது. அக்கா தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து வைத்தாள். “போன வாரம் எல்லாத்தையும் இதுல காப்பி எடுத்து, ஒயரைப் பிடுங்கி எடுத்து வெச்சிட்டேன் சார். கம்ப்யூட்டரோட ஒட்டாம தனியா இருந்ததால இதை அவன் தொட முடியலை. சுத்தம் பண்ணி மறுபடியும் ஏத்திடலாம்.”

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். “அப்ப காசு குடுக்க வேண்டாம்” என்றார் இயக்குநர். “பூட்டிக்கட்டுமே. நாம என்ன தினம் திறந்தா பார்க்கறோம்?”

“அறிவிப்புல இரண்டாவது பக்கம் இருக்கு சார்” என்றாள் அக்கா.

இரண்டாவது பக்கத்தில், பூட்டும் கையோடு எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டதாகவும், பணம் வராவிட்டால் மக்கள் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிடப்போவதாகவும் எழுதியிருந்தது. நம்பாதவர்களுக்காக மாதிரிக்கு ஒன்று இணைத்திருந்தார்கள். அக்கா அதைச் சுவரில் இருந்த பெரிய திரையில் காட்டினாள். தையல்காரியின் கையெழுத்தை அளவுச் சீட்டுகளில் பார்த்துப் பழகியவள் ஆதலால், படிப்பதற்கு முன்பே யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

‘ஐயா, எங்கள் சந்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் போகின்றன. சந்து முனையில் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் குழாய் உடைந்து சாக்கடைக்குள் முங்கிக் கிடக்கிறது. என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. யாராவது ஒருவர் வந்து பார்த்தால் போதும். குனியக்கூட வேண்டாம், நின்றபடியே தெரியும்.’

தேதியைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்கள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதையெல்லாம் ஜனங்க படிச்சிடுவாங்களா?” என்றார் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது.

“படிப்பாங்க சார்.”

“நம்ம மானம் என்னாகறது?”

“குழாயைச் சரி பண்ணிட்டா, படிச்சாலும் பரவாயில்லையே சார்.”

எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “அது இன்ஜினியரிங் விஷயம்மா” என்றார் இயக்குநர் கனிவோடு. “இப்ப நாம பேசறது பாதுகாப்பு. குடுத்துடலாம். எந்த நிதியில குடுக்கறது?”

“குழாய்ச் சீரமைப்பு நிதி அப்படியே இருக்கு சார்” என்றார் துணை இயக்குநர். “யாரும் கை வைக்கலை.”

“சார், காசை வாங்கிட்டு அவன் காப்பியை அழிப்பான்னு என்ன நிச்சயம்?”

“அழிக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கானேம்மா. நாமளும்தான் ஜனங்களுக்கு எழுதிக் குடுக்கறோம். ஒருத்தரை ஒருத்தர் நம்பலைன்னா எப்படி?”

இப்படியாக மக்களின் ரகசியம் மக்களிடமிருந்து காப்பாற்றப்பட்டது. வேறு எந்தக் கோப்பும் நகராத வேகத்தில் பணம் கட்டுவதற்கான கோப்பு நகர்ந்தது. ‘கோப்பு விரைவு வாரம்’ மாபெரும் வெற்றி என்று தலைமையகத்துக்கு எழுதினார்கள்.

வாரத்தின் நிறைவு விழாவில் அக்காவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். இயக்குநர் பேசும்போது, தூண்டிலை வைத்தவர் அக்கா என்றாலும் இந்தச் சாதனை தனி ஒருவருடையது அல்ல என்றார். இத்தனை காலமும் அந்தப் புகார்களின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் முழு ஒத்துழைப்பு நல்கிய ஒவ்வொரு ஊழியருக்கும் இதில் பங்குண்டு என்று நா தழுதழுக்கச் சொன்னார். ஊழியர்கள் அடக்கத்தோடு கைதட்டினார்கள்.

சான்றிதழோடு அக்கா வெளியே வந்தபோது தையல்காரி கவுன்டரில் நின்றுகொண்டிருந்தாள். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

“அக்கா, உள்ள திருடன் பூந்துட்டானாமே. என் புகார் இருக்கா, போயிடுச்சா?”

“இருக்கும்மா. படிச்சாச்சு.”

தையல்காரியின் முகம் மலர்ந்தது. “பெரிய சாரா?”

“அவரும் படிச்சார். முதல்ல படிச்சது...” அக்கா தயங்கினாள். “திருடன்தான்.”

“எப்படியோ ஒருத்தன் படிச்சானே. அவன் விலாசம் இருந்தா குடுங்கக்கா, அடுத்த புகாரை நேரா அங்கயே போட்டுடறேன்.”

கவுன்டர்க்காரர் சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“சரி, படிச்சிட்டாங்கல்ல, எப்ப வந்து சரி பண்ணுவாங்க?”

அக்கா கவுன்டர்க்காரரைப் பார்த்தாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ தேட ஆரம்பித்தார். நிதி தீர்ந்துபோனதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தையல்காரியும் வற்புறுத்தவில்லை, பதில் வராமல் நிற்பது அவளுக்குப் பழகியிருந்தது. அவள் கண் அக்காவின் கையிலிருந்த சட்டத்துக்குப் போனது.

“அது என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. ஒரு பாராட்டு.”

“நம்ம அக்காவுக்கா? குடுங்க, பார்க்கறேன்.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தாள். “‘பொதுமக்கள் புகார்கள் என்று பெயரிட்டால் இவ்வலுவலகத்தில் எவரும் ஒருபோதும் திறக்க மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே துல்லியமாகக் கணித்து...’”

அதற்கு மேல் படிக்கவில்லை. கண்ணாடியில் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?” என்று கேட்டாள்.